சேலத்துப் பட்டறை முதலாளிகளுக்கு: மீதிப் பயிற்சி உங்கள் கையில்

சேலம் மாவட்டத்தில் லேத் பட்டறை, ஃபேப்ரிகேஷன் கூடம், சேகோ (ஜவ்வரிசி) ஆலை, விசைத்தறி யூனிட், லாரி பாடி கட்டும் கூடம் நடத்தும் உரிமையாளர்களுக்கு வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டையில் கேட்டாலும் சூரமங்கலத்தில் கேட்டாலும் உங்களிடமிருந்து வருவது ஒரே புகார்: "ரெண்டு வருஷம் ஃபிட்டர் படிச்சுட்டு வர்றான், ஒரு புஷ் போடச் சொன்னா முழிக்கிறான்." (புஷ் என்பது சுற்றும் ஷாஃப்ட் என்ற தண்டைத் தாங்கும் உலோகக் குழல்.) புகார் பொய்யில்லை. ஆனால் அந்தப் பையனுக்கு ஐடிஐ எதுவரை சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்குமேல் யார் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. அதற்குமேல் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் நீங்கள். இது பல முதலாளிகளுக்குத் தெரியாது. தெரிந்தவர்களிலும் சிலர், அப்ரண்டிஸ் என்ற பெயரில் சம்பளம் குறைந்த ஹெல்பரைத்தான் வைத்திருக்கிறார்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்றுநர்களாக இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் சேர்ந்து எழுதுகிறோம்.

அமைப்பு எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஐடிஐ படிப்பு 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தில் வந்தது. பாடத்திட்டம், அகில இந்தியத் தேர்வு, சான்றிதழ் எல்லாம் டெல்லியில் உள்ள பயிற்சித் தலைமை இயக்குநரகத்தின் பொறுப்பு. கட்டடம், பயிற்றுநர் சம்பளம், மாணவர் சேர்க்கை ஆகியவற்றை நம் மாநில வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை பார்த்துக்கொள்கிறது. பாடப் புத்தகம் சென்னை கிண்டியில் உள்ள நிமி நிறுவனத்திலிருந்து தமிழிலும் வருகிறது. படிப்பை முடித்தவருக்குத் தேசியத் தொழிற்சான்றிதழ். இது முதல் பாதி. இரண்டாம் பாதிக்கு 1961-இல் தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டம் வந்தது. ஐடிஐ முடித்தவர் தொழிற்சாலைக்குள் பழகி, அதற்குத் தனியாகத் தேர்வெழுதி, தேசியப் பழகுநர் சான்றிதழ் வாங்க வேண்டும். ஃபிட்டர், டர்னர் போன்ற தொழில்களில் ஐடிஐ முடித்தவருக்கு இந்தப் பழகுநர் காலம் ஓர் ஆண்டு.

இனி அந்த முதல் பாதியில் அவருக்கு எவ்வளவு கைப்பழக்கம் கிடைக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022-இல் திருத்திய பாடத்திட்டப்படி ஆண்டுக்கு 1,200 மணி நேரம். அதில் செய்முறை 840 மணி. ஃபிட்டர் இரண்டாண்டுப் படிப்பு என்பதால் செய்முறை 1,680 மணி. ஒரு பிரிவில் 20 பேர். அரம் பிடிப்பது, மார்க்கிங், டிரில்லிங், டேப் போடுவது எல்லாம் ஆளுக்கொரு வைஸ் இருப்பதால் எல்லோருக்கும் கிடைத்துவிடும். லேத் அப்படியில்லை. நாலு பேருக்கு ஒரு லேத் என்று வைத்தாலும், லேத்துக்கென்று ஒதுக்கிய நேரத்தில் கால்வாசிதான் ஒருவர் கைக்கு வரும். மிச்ச நேரம் பக்கத்தில் நின்று பார்ப்பார். கரண்ட் போன நாள், சக் ரிப்பேராகிப் போன வாரம் எல்லாம் அதிலிருந்துதான் கழியும். தேர்ச்சிக்குச் செய்முறையில் 60 சதவீதம், எழுத்துப் பாடத்தில் 33 சதவீதம் போதும். எழுத்துத் தேர்வும் கணினித் திரையில் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். ஒரு டிராயிங்கைக் கையில் கொடுத்து எந்த வேலை முதலில், எது அடுத்து என்று அந்தத் தேர்வு கேட்பதில்லை. இது எங்கள் பக்கத்துக் குறை, ஒப்புக்கொள்கிறோம்.

நீங்கள் சொன்ன அந்தப் புஷ்ஷையே எடுத்துக்கொள்வோம். ஐடிஐயில் பையன் போடும் புஷ்ஷுக்கு டிராயிங் உண்டு. உள் விட்டம் 40 மில்லிமீட்டர், எச்7 ஃபிட். அட்டவணையைப் பார்த்தால் 40.000-இலிருந்து 40.025 வரை போகலாம் என்று இருக்கும். புது ராடில் புது புஷ். அதை அவர் செய்துவிடுவார்.

உங்கள் பட்டறைக்குச் சேகோ ஆலையிலிருந்து வருவது வேறு. பழைய ஷாஃப்ட், தேய்ந்து போன புஷ், டிராயிங் கிடையாது. வெர்னியரை வைத்தால் 39.9 என்று காட்டும். பையன் அதைக் குறித்துக்கொண்டு கடைய ஆரம்பிப்பார். தப்பு அங்கேயே நடந்துவிட்டது. தேய்ந்த ஷாஃப்ட்டை 0.01 படிக்கும் மைக்ரோமீட்டரால்தான் அளக்க வேண்டும். அதுவும் புஷ் உட்காரும் நீளத்தில் இரண்டு முனை, நடு என மூன்று இடத்தில். ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை அளந்து, ஷாஃப்ட்டைக் கால் சுற்றுத் திருப்பி இன்னொருமுறை. பெல்ட் இழுக்கும் பக்கம் மட்டும் தேய்ந்து ஷாஃப்ட் நீள்வட்டமாகியிருந்தால் ஆறு அளவும் ஆறு மாதிரி வரும். அப்போது புஷ் போடுவதா, ஷாஃப்ட்டை முதலில் கடைந்து வட்டமாக்குவதா என்று முடிவெடுக்க வேண்டும். நீள்வட்ட ஷாஃப்ட்டுக்கு எவ்வளவு நல்ல புஷ் போட்டாலும் அது சீக்கிரமே திரும்ப உங்களிடம்தான் வரும்.

இடைவெளி அடுத்த சிக்கல். வெண்கல புஷ்ஷில் சுற்றும் ஷாஃப்ட்டுக்கு, விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பட்டறைக் கணக்கு. 40-க்குச் சுமார் 0.04. அந்த அளவுக்கே உள் விட்டத்தைக் கடைந்து, பிறகு புஷ்ஷை அது உட்காரும் ஹவுசிங்கில் அழுத்தினால் என்ன ஆகும்? அழுத்தும்போது புஷ் நெருங்கி உள் விட்டம் குறைந்துவிடும். ஷாஃப்ட் நுழையாது. நுழைந்தாலும் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதனால் உள்ளே கொஞ்சம் மீதி வைத்துக் கடைந்து, அழுத்தி முடித்தபின் ரீமர் போட்டோ போரிங் செய்தோ கடைசி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் பட்டறையில் இருபது வருஷ மிஸ்திரிக்கு இது கையிலேயே இருக்கிறது. எந்தப் புத்தகத்திலும் அவர் படித்ததில்லை, யாரோ ஒரு மிஸ்திரி பக்கத்தில் நிறுத்திக் காட்டினார். தேய்ந்த ஷாஃப்ட்டுகள் வந்துகொண்டே இருக்கும் இடம் உங்கள் பட்டறை. ஐடிஐக்கு அவை வருவதில்லை. பழகுநர் ஆண்டு எதற்கு என்று கேட்டால் இதற்குத்தான்.

எலக்ட்ரீஷியனுக்கும் இதே கதை. பலகையில் புது கான்டாக்டர் மாட்டி ஸ்டார்-டெல்டா இணைப்பு கொடுக்க ஐடிஐயில் தெரிந்துகொள்வார். ஈர மாவு படிந்த ஆலை மோட்டாரை, கேபிளைக் கழற்றிவிட்டு 500 வோல்ட் மெக்கரால் (மின்காப்பை அளக்கும் கருவி) சோதித்து, ஒரு மெக்ஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டக்கூடாது, முதலில் உலர்த்த வேண்டும் என்பதை எண்ணாகத் தெரிந்து வைத்திருப்பார். ஆலை நின்றுகொண்டிருக்க, மேனேஜர் பக்கத்தில் நின்று அவசரப்படுத்த, "ஓட்டக்கூடாது" என்று சொல்லும் தைரியம் வேலை இடத்தில்தான் வரும்.

இப்போது பணத்துக்கு வருவோம், உங்கள் அடுத்த கேள்வி அதுதான். ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். மொத்தப் பணியாளரில் 2.5 முதல் 15 சதவீதம் வரை. 40 பேர் இருந்தால் ஒருவரிலிருந்து ஆறு பேர் வரை. 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு விருப்பம். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் பெரும்பாலானவை இந்த விருப்பப் பிரிவில்தான் வரும். 2019-இல் திருத்திய விதியில் ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். பத்தாம் வகுப்புடன் நேராக வருபவருக்கு 6,000. ஒப்பந்தம் போடும் நாளில் அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டல் என்ன தொகை காட்டுகிறதோ அதை வைத்தே கணக்குப் போடுங்கள். தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் கால்பங்கை, 1,500 ரூபாய்க்கு மிகாமல், மத்திய அரசு தருகிறது. 7,000-இன் கால்பங்கு 1,750, உச்சவரம்பால் 1,500. ஆக உங்கள் பங்கு 5,500. அரசின் பங்கு பையனின் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும். நீங்கள் உங்கள் பங்கைக் கட்டிய விவரம் போர்ட்டலில் ஏறாவிட்டால் அந்தப் பணமும் நின்றுவிடும். "கவர்மென்ட் காசு வரல சார்" என்று பையன் கேட்கும்போது, முதலில் உங்கள் கணக்குப்பிள்ளை பதிவேற்றினாரா என்று பாருங்கள்.

குறைந்தபட்சம் என்றால் குறைந்தபட்சம்தான், கூடக் கொடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. எட்டாவது மாதத்தில் பையன் ஓடிவிடுகிறான் என்று நீங்கள் சொல்வதற்குக் காரணமும் இதில் இருக்கிறது. எட்டு மாதத்தில் அவர் தனியாக ஒரு ஜாப்பை முடிக்கும் நிலைக்கு வந்துவிடுவார். பக்கத்துப் பட்டறை இரண்டு மடங்கு தருகிறது. உங்களிடம் மிச்சமிருப்பது நாலு மாதமும் ஒரு சான்றிதழும். அந்தச் சான்றிதழால் என்ன கிடைக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை. ரயில்வேயில் லெவல் ஒன்று (ஆரம்ப நிலை) பணியிடங்களில் 20 சதவீதம், ரயில்வே நிறுவனங்களிலேயே பழகுநர் பயிற்சியை முழுமையாக முடித்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. சேலம் ரயில்வே கோட்டம் பழகுநர் விண்ணப்பம் கோரும்போது இந்த ஊர்ப் பிள்ளைகள் முண்டியடிப்பதற்கும் அதுதான் காரணம். தனியார் பட்டறையில் முடித்தவருக்கு அந்த ஒதுக்கீடு கிடையாது, ஆனால் முறையாக முடித்தால் அவருக்கும் அதே தேசியப் பழகுநர் சான்றிதழ்தான். முதல் நாளே இதைச் சொல்லுங்கள். ஆறாம் மாதம் முடிந்ததும் 1,000 ரூபாய் கூட்டுங்கள். இந்த இரண்டும் செய்தால் பாதிப் பேராவது நிற்பார்கள் என்பது எங்கள் கணிப்பு.

நடைமுறையில் எங்கே வழுக்குகிறது என்று பார்த்தால், முதல் வழுக்கல் ஒப்பந்தம். "ரெண்டு மாசம் பார்க்கலாம், தேறினா எழுதிக்கலாம்" என்பது நம்மூர் வழக்கம். ஒப்பந்தம் இல்லாத அந்த இரண்டு மாதமும் சட்டத்தின் கண்ணில் அவர் பழகுநர் கிடையாது, தொழிலாளி. குறைந்தபட்சக் கூலி, உங்கள் பட்டறைக்குப் பொருந்துமானால் பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் உங்கள் தலையில் வரும். ஒப்பந்தத்துக்குள் இருக்கும் பழகுநருக்கு பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது. ஆனால் அவர் கை பிரஸ்ஸில் மாட்டினால் இழப்பீடு கொடுக்க வேண்டியது நீங்கள்தான். இஎஸ்ஐ இல்லாததால் அந்தச் செலவுக்குத் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். கையெழுத்தானதும் ஏழு நாளுக்குள் ஒப்பந்தம் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா போர்ட்டலில் ஏற வேண்டும்.

அங்கே ஏறாமல் நிற்பதற்கு இருக்கும் காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள்: இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கார்த்திக் மு" என்று இருக்கும். ஆதாரில் "கார்த்திக் முருகேசன்". ஐடிஐ சான்றிதழில் மூன்றாவதாக ஒன்று. வடநாட்டுக் கணக்கில் எழுதிய போர்ட்டலுக்கு இது மூன்று ஆள். வங்கிக் கணக்கும் ஆதார் பெயரோடு ஒத்துப் போகாவிட்டால் பணம் திரும்பிவிடும். சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பே பையனை ஆதார் மையத்துக்கு அனுப்பிச் சரிசெய்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

அடுத்தது, வேலை. ஃபிட்டர் அப்ரண்டிஸை எடுத்து லோடு ஏற்றவும் டீ வாங்கவும் வைப்பது. பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலை கொடுத்தால் அபராதம் உண்டு என்று சட்டம் சொல்கிறது. அபராதம் யாரும் போட்டதில்லை என்று நீங்கள் சொல்லலாம். போடாவிட்டாலும் நஷ்டம் உங்களுக்குத்தான், அந்த ஆண்டு முடிவில் உங்களுக்குக் கிடைப்பது டீ வாங்கத் தெரிந்த ஒரு ஃபிட்டர். கொலுசுப் பட்டறைகளிலும் தறிக்கூடங்களிலும் இன்னொன்று நடக்கிறது: பீஸ் கணக்கில் கூலி. பழகுநருக்குப் பீஸ் ரேட் கூடவே கூடாது, உற்பத்தி போனஸிலும் சேர்க்கக் கூடாது. காரணம் எளிது. எண்ணிக்கைக்குக் காசு என்றால் அவர் தெரிந்த ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வார், புதுசாக எதையும் தொடமாட்டார். பீஸ் கணக்கிலேயே வளர்ந்து நல்ல கைத்திறன் உள்ள வெள்ளித் தொழிலாளர்களுக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை தனியாக இருக்கிறது. அவர்களைப் பழகுநர் ஒப்பந்தத்தில் திணிக்க வேண்டாம்.

ஓவர்டைமும் கூடாது, அரசின் பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல். உதவித்தொகை அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் போய்ச்சேர வேண்டும்.

பிறகு அந்த நாட்குறிப்பு. பழகுநர் தினமும் என்ன செய்தார் என்று எழுதிவர வேண்டும், மேற்பார்ப்பவர் கையெழுத்திட வேண்டும். பெரும்பாலான இடங்களில் இது கடைசி வாரத்தில் ஒரே பேனாவில், ஒரே மையில் எழுதப்படுகிறது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். இதை ஒழுங்காக வைத்தால் என்ன பலன் என்று மட்டும் சொல்கிறோம். ஒவ்வொரு நாளும் மூன்று வரி போதும்: என்ன ஜாப், எந்த அளவு கேட்டது எந்த அளவு வந்தது, எங்கே கெட்டது. மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் பையன் எதை இதுவரை தொடவே இல்லை என்பது தெரிந்துவிடும். மூன்று மாதமும் டிரில்லிங் என்றே இருந்தால் தப்பு மிஸ்திரி பக்கம். மிஸ்திரிக்குப் பையனால் வேலை தாமதமாகிறது; அவர் கூலி அதனால் குறைகிறது என்றால் அவர் ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்? பழகுநரை ஒப்படைக்கும் மிஸ்திரிக்கு மாதம் ஒரு தொகை தனியாகக் கொடுங்கள். சட்டத்தில் இது கிடையாது, ஆனால் இது இல்லாமல் எந்தத் திட்டமும் பட்டறைக்குள் ஓடாது.

ஓர் ஆண்டை எப்படிப் பிரிப்பது என்று கேட்பவர்களுக்கு: முதல் மாதம் ஸ்டோரும் அளவுக் கருவியும், வருகிற ஒவ்வொரு பழைய பாகத்தையும் அளந்து குறித்து வைப்பது. அடுத்த மூன்று மாதம் ஒரே மெஷினில் ஒரே மிஸ்திரியுடன். ஐந்தாம் மாதத்திலிருந்து மெஷின் மாற்றி மாற்றி. ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு வாரத்துக்கு ஒரு ஜாப்பை ஆரம்பம் முதல் முடிவுவரை அவரிடமே விடுவது. பில் போடுவதற்கு முன் மிஸ்திரி அளந்து பார்த்தால் போதும். கடைசி மாதம் தேர்வுக்கு. பத்துப் பேர் உள்ள பட்டறையில் எல்லா மெஷினும் இருக்காது என்றால், பக்கத்துப் பட்டறைகளோடு சேர்ந்து மூன்றாம் தரப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் வழியாகச் சேர்க்கவும் வழியிருக்கிறது.

மலைப் பக்கத்து உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து கோரிமேட்டு ஐடிஐக்கு வந்து படிக்கும் பிள்ளைகள் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறார்கள். படித்து முடித்ததும் அவர்களைக் கீழேயே ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு வரச் சொன்னால் முதல் பஸ்ஸுக்கே கணக்கு ஒத்துவராது. ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலும் ரிசார்ட்டுகளிலும் மோட்டார், பம்ப், ஜெனரேட்டர், காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்ப்பர் என்று வேலை குவிந்து கிடக்கிறது. விருப்பத் தொழில்களில், அதாவது அரசு பட்டியலிடாமல் நிறுவனமே தீர்மானிக்கும் தொழில்களில், பழகுநர் காலம் ஆறு மாதத்திலிருந்து 36 மாதம் வரை வைத்துக்கொள்ளலாம். காபி அறுவடை கார்த்திகை, மார்கழியில் உச்சம் என்பதால் ஒப்பந்தத்தை ஆவணியிலேயே தொடங்குங்கள். அப்போதுதான் சீசனுக்கு முன்பே பல்ப்பரைப் பிரித்துப் பூட்டப் பழக நேரமிருக்கும். இடைவெளி நெருக்கமானால் கொட்டை வெட்டுப்படும், தளர்ந்தால் பழம் உரியாமலே வெளியே வரும். இந்த இரண்டுக்கும் நடுவில் செட் செய்ய ஒரு சீசன் போதும். சீசனில் ஒப்பந்தம் போட்டால் பையன் கூடையைத் தூக்கிக்கொண்டு பழம் பறிக்கத்தான் போவார், அதுவும் பயிற்சிக்குத் தொடர்பில்லாத வேலைதான்.

பழகுநர் இப்போதைக்கு வேண்டாம் என்பவர்கள் இன்னும் சின்னதாகத் தொடங்கலாம். ஐடிஐயில் படிக்கும்போதே ஆண்டுக்கு 150 மணி நேரம் பணியிடப் பயிற்சி பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஐடிஐ முதல்வர்கள் உங்களைத் தேடி வரும்போது "மெஷின் ஃப்ரீ இல்லை" என்று திருப்பி அனுப்பாதீர்கள். 150 மணி என்பது நாளுக்கு ஐந்து மணி வீதம் முப்பது நாள். நாலு பேரை எடுத்துக்கொண்டு பழுதான பாகங்களை அளக்க மட்டும் விட்டால்கூட, அவர்களில் யாரைப் பழகுநராக எடுக்கலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பதிவு செய்வதற்கு நிறுவனத்தின் பான் எண், ஜிஎஸ்டி விவரம், பணியாளர் எண்ணிக்கை, வங்கிக் கணக்கு, பையனின் ஆதார், கல்விச் சான்றிதழ்கள் வேண்டும். போர்ட்டலில் தடுமாறினால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேளுங்கள். தேர்வு முடிவு வந்தபிறகு பதிவைத் தொடங்கினால், உங்கள் கணக்கு உறுதியாவதற்குள் நல்ல பையன்கள் ரயில்வேக்கும் பெரிய ஆலைகளுக்கும் விண்ணப்பித்து முடித்திருப்பார்கள். ஆனி மாதத்திலேயே நிறுவனப் பதிவை முடித்து, எத்தனை பேர், எந்தத் தொழிலுக்கு என்று எழுதி வையுங்கள். எந்த மிஸ்திரியிடம் விடுவது என்பதையும் அப்போதே அவரிடம் பேசி முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சேலம் மாவட்டத் தொழிற்பயிற்சிப் பயிற்றுநர்கள் சிலர்